ஏப்ரல் கடைசியில் பென் ஆல்டர்: மிஞ்சிய பனி எங்கே கிடக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். ஏப்ரல் கடைசி வாரம் ஸ்காட்லாந்தின் பென் ஆல்டருக்குப் போகத் திட்டம். டால்வின்னி வரை ரயில், அங்கிருந்து சைக்கிள், ஓர் இரவு கூடாரம், மறுநாள் சிகரம். கோடையில் பதினைந்து மன்ரோ (3000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரம்) ஏறிய அனுபவம் உண்டு. அண்மைப் படங்களில் பனி திட்டுத்திட்டாகத்தான் தெரிகிறது. ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடாலி) கிராம்பானும் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) சுமந்துகொண்டு போகத்தான் வேண்டுமா?

வேண்டும். அவற்றோடு நடந்து பழகியும் இருக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் பள்ளத்தாக்குவரை போய்க் கூடாரம் போடுங்கள், சிகரத்தை ஜூனுக்குத் தள்ளி வையுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த மலை அது.

முதலில் அந்தப் படங்கள். பனி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பது வசந்தகாலத்தில் பலரும் செய்கிற தவறு. பார்க்க வேண்டியது அது எங்கே கிடக்கிறது என்பதை. ஸ்காட்லாந்தில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். பென் ஆல்டரின் உச்சி கூம்பு அல்ல, அகன்ற சமவெளி. அதில் விழும் பனியைக் காற்று தரையோடு தரையாகப் பெருக்கிக்கொண்டு போய்க் கிழக்கு விளிம்பில் கொட்டுகிறது. விளிம்பைத் தாண்டியதும் காற்று தளர்ந்துவிடும், சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிடும். டிசம்பரில் தொடங்கி நாலு மாதம் இப்படிச் சேர்ந்தால், மேற்குச் சரிவில் புல்லும் கல்லும் காய்ந்து கிடக்கும் அதே நாளில், கிழக்குப் பள்ளங்களின் தலைமாட்டில் ஆள் உயரத்துக்கு மேல் பனி நிற்கும். மேற்கிலிருந்து எடுத்த படத்தில் மலை கறுப்பாகத் தெரியும். நீங்கள் வரப்போவது கிழக்குப் பக்கமாக.

பள்ளம் என்று நான் சொல்வதை அங்கே 'கோரி' என்பார்கள். பழைய பனியாறுகள் மலையைக் குடைந்துவிட்டுப் போன கிண்ணங்கள். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் திறப்பு. பென் ஆல்டரின் கிழக்கு முகம் முழுக்க இவைதான். அவற்றில் ஒன்றின் பெயரான 'கரவ் கோரி'க்குக் கேலிக் மொழியில் கரடுமுரடான பள்ளம் என்று பொருள். சிகரத்தின் உயரம் 1148 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் இது ஒரு உயரமே இல்லை. ஆனால் இந்த மலை இருப்பது வட அட்லாண்டிக்கின் வாசலில், ஏறத்தாழ 57 பாகை வடக்கில். ஆயிரம் மீட்டருக்கு மேல் நீங்கள் நிற்கும் இடம் ஆர்க்டிக்கின் தட்பவெப்பத்துக்கு நெருக்கமானது. இதே ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில், கெய்ர்ன்கார்ம் உச்சியில், 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகத்தில், அதாவது சுமார் 278 கி.மீ. வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவு இருக்கிறது. காலண்டரில் அதற்கு வசந்தம் என்று பெயர்.

தூரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். டால்வின்னி ரயில் நிலையத்திலிருந்து எரிக்ட் ஏரிக்கரையோடு எஸ்டேட் மண்பாதையில் சுமார் 10 கி.மீ. சைக்கிள் நன்றாக ஓடும். பிறகு பாதை ஏரியை விட்டு மேலேறிப் பட்டாக் ஏரிக்குப் போகும். அங்கே பெரும்பாலும் எஸ்டேட்டின் மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அருகே போய்த் தீனி கொடுக்க வேண்டாம். அதற்கப்பால் ஈரமான ஒற்றையடிப் பாதை குல்ரா வரை. மொத்தம் சுமார் 15 கி.மீ. குல்ராவில் முன்பு எல்லோரும் தங்கிய மலைக்குடில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால் பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிக் கூடாரத்தை வீட்டில் விட்டுவிடாதீர்கள். கூடாரம் போட அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் திறந்த நிலத்தில் நடக்கவும் தங்கவும் உரிமை தந்திருக்கிறது.

இந்தத் தொலைவை நம்பித்தான், பிரிட்டிஷ் அரியணைக்காகப் போரிட்டு 1746-இல் கலோடனில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், பிரான்சுக்குக் கப்பல் ஏறுமுன் இதே மலையின் தெற்குச் சரிவில் குலத்தலைவர் குளூனி மக்பர்சனோடு ஒளிந்திருந்தார். தேடி வந்தவர்கள் எட்டாத இடம். காலை உடைத்துக்கொண்டவருக்கும் அதே தூரம்தான் என்பதை மறக்க வேண்டாம். வழி நெடுகப் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடையாது.

இப்போது ஏறும் வழிகள். குல்ராவிலிருந்து பார்த்தால் உச்சியிலிருந்து உங்களை நோக்கி இரண்டு முகடுகள் இறங்கி வரும். லாங் லெக்கஸ், ஷார்ட் லெக்கஸ். கோடையில் கையையும் காலையும் ஊன்றி ஏறும் இன்பமான பாறைப் படிகள். ஏப்ரலில் கீழ்ப்பாதி காய்ந்திருக்கும், அதுதான் ஏமாற்றும். முகடு சமவெளியோடு சேரும் கடைசி இடத்தில் பனி சாய்ந்து நிற்கும். இரண்டு மணி நேரம் ஏறி, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் வந்தபிறகு அதைப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் திரும்பிப் போக மனசு வராது. இன்னொரு வழி, பென் ஆல்டரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் ஏரியின் கரையோடு தெற்கே நடந்து பியாலக் பிரேபக் கணவாயை அடைந்து வலப்பக்கம் ஏறுவது. வரைபடத்தில் இது சாதுவாகத் தெரியும். கணவாய்க்கு மேலேயும் விளிம்பை ஒட்டிப் பனி தங்கியிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. குல்ராவிலிருந்து மேற்கே பியாலக் டூ கணவாயைத் தாண்டி, மலையைச் சுற்றி அதன் பின்புறம் போய், பியாலக் குவன் கணவாயிலிருந்து மேற்குச் சரிவில் ஏறுங்கள். காற்று துடைத்துவிட்ட பக்கம் அது, பனி குறைவு, சரிவும் அகலமானது, நிதானமானது. கோரவர் ரயில் நிலையத்திலிருந்து வருபவர்கள் ஏறுவதும் இந்தப் பக்கமாகத்தான். தூரம் கூடும், நாள் முழுக்க எடுக்கும். ஏப்ரல் கடைசியில் சுமார் 15 மணி நேரம் வெளிச்சம் இருப்பதால் நேரம் ஒரு தடையில்லை. பியாலக் டூவுக்கு ஏறும் பாதை மலையின் வடக்கு நிழலில் போகிறது. அங்கே பாதைக்குக் குறுக்கே பனிப்பட்டை கிடக்கலாம்.

அந்தப் பனிப்பட்டைதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். முப்பது மீட்டர் அகலம் இருக்கும். பார்த்தால் நாற்பது ஐம்பது எட்டில் தாண்டிவிடலாம் என்று தோன்றும்.

அதற்கு முன்னால் நின்று மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது கடினம். டிசம்பர் பனி பஞ்சு, ஏப்ரல் பனி வேறு பொருள். பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி மறுபடி உறைந்து, மாதக்கணக்கில் இது நடந்து முடிந்தபின் கல்லுப்புக் குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். மத்தியானம் அதில் கால் கணுக்கால்வரை புதையும். காலை ஏழு மணிக்கு அதே இடம் சிமெண்ட் தரை. சோதிக்க எளிய வழி உண்டு, பனிச்சரிவு ஆராய்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். கையுறை போட்ட முஷ்டியை மெதுவாக அழுத்துங்கள். போகவில்லையா, நாலு விரலைச் சேர்த்து அழுத்துங்கள். பிறகு ஒரு விரல். பிறகு பென்சில். பென்சிலும் இறங்காமல் கத்தி மட்டும் இறங்கினால், அந்தப் பனி உங்கள் பூட்ஸைத் தாங்கிப் பிடிக்காது. பூட்ஸ் நுனியால் ஓங்கி உதைத்தும் பார்க்கலாம். பாதிப் பாதம் உள்ளே போனால் படி வெட்டிக்கொண்டு நடக்கலாம். வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தால் கிராம்பான் இல்லாமல் ஓர் எட்டும் வைக்கக் கூடாது. காற்று பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தாலும், மேகமில்லாத இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு உறைந்துவிடும். இரவு கூடாரத்தில் குளிரவில்லை, ஆகவே பனி இளகியிருக்கும் என்ற கணக்கு தப்பு.

இரண்டாவது சரிவு. 35 பாகைச் சரிவில் கெட்டிப் பனிமேல் நைலான் மழைக்கால்சட்டையோடு விழுந்தால் உராய்வு மிகச் சொற்பம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று நொடியில் இருபது மீட்டர் போயிருப்பீர்கள், வேகம் மணிக்கு ஐம்பது கி.மீ. ஆகியிருக்கும். ஐஸ் ஆக்ஸின் கூரிய முனையை மார்புக்குக் கீழே வைத்து உடல் பாரத்தோடு பனியில் இறக்குவதெல்லாம் முதல் ஒரு நொடியில் செய்தால்தான் பலிக்கும். அதனால்தான் பழகியிருக்க வேண்டும் என்றேன். கீழே ஆபத்தில்லாத சின்னச் சரிவில், தலைகீழாக, மல்லாந்து, பக்கவாட்டில் என்று எல்லா விதமாகவும் வேண்டுமென்றே சறுக்கி, கை தானாக வேலை செய்யும்வரை பயில வேண்டும். நடைக்கோல் இதற்கு மாற்று ஆகாது. சங்கிலி மாதிரி பூட்ஸுக்கு மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக்கும் ஆகாது. அது சமதரை ஐஸுக்கு.

மூன்றாவது, பலரும் பார்க்காமல் விடுவது: பட்டை கீழே எங்கே போய் முடிகிறது? சமமான புல்வெளியில் முடிந்தால் சறுக்கினாலும் சிராய்ப்போடு போகும். பாறைக் குவியலிலோ ஓடையிலோ முடிந்தால் அதே முப்பது மீட்டர் உயிருக்கு ஆபத்து. வசந்தகாலத்தில் பனிக்குக் கீழே பெரும்பாலும் பாறை வெளிவந்திருக்கும். ஜனவரியில் பள்ளத்தாக்கு முழுக்க மெத்தை, ஏப்ரலில் மெத்தைக்குக் கீழே கல். பனி குறையக் குறைய விழுந்து அடிபடும் வாய்ப்பு கூடுகிறது என்பது கேட்க முரணாக இருக்கும், மலையில் நின்று பார்த்தால் புரிந்துவிடும். மேற்பகுதியைச் சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போங்கள். ஓடைக்கு மேல் கிடக்கும் பனியில் கால் வைக்காதீர்கள். தண்ணீர் அடியில் குடைந்துகொண்டே இருக்கும், மேலே ஓர் அங்குலக் கூரைதான் மிஞ்சியிருக்கும்.

இனி கார்னிஸ். உச்சி விளிம்பில் காற்று கட்டிவைத்த பனி, வீட்டுச் சுவரிலிருந்து சன்ஷேடு நீள்வதுபோல வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நடப்பவருக்கு அது தரையின் தொடர்ச்சி. மே மாதத்திலும் பென் ஆல்டரின் கிழக்கு விளிம்பில் இதைப் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மே முதல் வாரம். கோரவரிலிருந்து மூன்று பேர் புறப்பட்டு, நான் மேலே சொன்ன மேற்குச் சரிவில் காய்ந்த தரையிலேயே ஏறினோம். ஐஸ் ஆக்ஸ் பையிலேயே இருந்தது. சிகரத்து அளவைத் தூணைத் தொட்டபோது வெயில். பியாலக் பிரேபக்குக்கு இறங்கி டால்வின்னி போய் ரயில் பிடிப்பது திட்டம். பத்து நிமிடத்தில் மேகம் இறங்கியது. சமவெளியில் பாதி பனி. மேகத்தின் வெள்ளையும் பனியின் வெள்ளையும் ஒன்றாகிவிட்டன. தரை எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. என் பூட்ஸைப் பார்த்தால் அது அந்தரத்தில் தொங்குவதுபோல் இருந்தது. நண்பர் காம்பஸைப் பிடித்து முன்னே நடந்தார், இன்னொருவர் எட்டுகளை எண்ணினார். நான் பனியை உருட்டி நண்பருக்கு முன்னால் எறிந்துகொண்டே வந்தேன். உருண்டை விழுந்து நின்றால் அங்கே தரை இருக்கிறது என்று அர்த்தம். நாலு உருண்டை விழுந்து நின்றன, வெள்ளையில் சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரிந்தன. ஐந்தாவது கையை விட்டுப் போனது, எங்கும் விழவில்லை. சத்தமும் இல்லை.

யாரும் பேசவில்லை. வந்த தடத்திலேயே பின்வாங்கி, ஏறிய மேற்குச் சரிவிலேயே இறங்கி, ஒசியன் ஏரிக்கரை ஹாஸ்டலுக்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். டால்வின்னி டிக்கெட் வீணானது. ஜூனில் அதே இடத்துக்குத் திரும்பிப் போனேன். பாறை விளிம்பு அங்கே உள்வாங்கி இருந்தது. நாங்கள் கடைசியாக நின்ற நாலைந்து எட்டும் வெறும் பனிமேல்தான். கார்னிஸ் ஒடியும்போது நுனியில் மட்டும் ஒடியாது, பல மீட்டர் உள்ளே தள்ளிப் பிளக்கும். வெயில் நாளிலும் படம் எடுப்பதற்காக விளிம்பை நெருங்காதீர்கள். கீழே கோரிக்குள் நடந்தால் மத்தியானத்துக்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள், வெயிலில் இளகி மேலிருந்து விழும்.

வானிலைக்கு மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸும் மெட் ஆபீஸின் மலை அறிக்கையும் போதும். இரண்டிலும் முதலில் காற்றின் வேகத்தையும் உறைமட்டத்தையும் பாருங்கள், அதாவது எத்தனை மீட்டருக்கு மேல் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது என்பதை. டால்வின்னியில் 8 பாகை என்றால் உச்சியில் 3 பாகை, காற்றோடு சேர்த்தால் உடம்புக்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே. பனிச்சரிவு எச்சரிக்கைக்கு ஸ்காட்டிஷ் அவலாஞ்ச் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் ஆறு பகுதிகளுக்குத் தினமும் அறிக்கை தருகிறது, உங்களுக்கு அருகில் இருப்பது கிரேக் மேகி. ஆனால் அந்தத் தினசரி அறிக்கை வழக்கமாக ஏப்ரல் நடுவோடு நின்றுவிடும். நீங்கள் போகும் வாரத்தில் உங்கள் கண்ணும் கையும்தான் அறிக்கை.

ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தில் 42-ஆம் தாள் இந்த மலையையும் டால்வின்னியையும் சேர்த்துக் காட்டும். காகிதத்தில் வாங்குங்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், சட்டைக்குள் வையுங்கள். காலையில் சுலபமாகத் தாண்டிய ஓடை மாலையில் பனி உருகிய தண்ணீரில் முழங்காலைத் தொடும். திரும்பும் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். உதவி தேவைப்பட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று கேட்க வேண்டும். பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம், அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வாரம் மலை வேறெப்போதும் காட்டாததைக் காட்டும். டார்மிகன் என்ற மலைக்கௌதாரி அப்போதுதான் வெள்ளை இறகை உதிர்த்துப் பழுப்புக்கு மாறும். ஒருமுறை ஒன்று எனக்கு மூன்று மீட்டரில் உட்கார்ந்திருந்தது. வயிறு பனி நிறம், முதுகு கல் நிறம், கண்ணுக்கு மேல் செக்கச்சிவந்த ஒரு பட்டை. துருப்பிடித்த கீல் போல ஒரு கரகரப்பு, பிறகு இரண்டு எட்டு நடந்தது, கல்லோடு கல்லாகிக் காணாமல் போனது.

அதனால் ஒரு மாற்றுத் திட்டத்தோடு போங்கள். குல்ராவில் விடிந்ததும் கூடாரத்தைத் திறந்து பாருங்கள். பியாலக் டூவின் நிழலில் பனிப்பட்டை கெட்டியாக இருந்தாலோ, உச்சி மேகத்துக்குள் இருந்தாலோ, எதிர்ப்பக்கம் திரும்பி பெய்ன் வியோல் ஏறுங்கள். 1019 மீட்டர், அதுவும் ஒரு மன்ரோதான். வடக்கு முகடு அகலமானது, பெரும்பாலும் காற்று துடைத்துவிட்டது. அங்கும் குறுக்கே பனி கெட்டியாகக் கிடந்தால் அதே முஷ்டி, விரல், பென்சில் சோதனைதான். மேலே போனதும் ஏரிக்கு அப்பால் பென் ஆல்டரின் கிழக்கு முகம் முழுவதும் எதிரே நிற்கும். மேகம் விலகினால் நாலு கோரிகளின் தலைமாட்டிலும் அந்த வெள்ளை விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதும், அதன் நிழல் பாறைமேல் விழுவதும் தெளிவாகத் தெரியும். உட்கார்ந்து ஒரு ஃபிளாஸ்க் டீ குடித்து முடிக்கும் நேரம் பாருங்கள்.